வீட்டுக்குள் ஒரு பேச்சு

"பாதை இன்னும் வரயில்ல" என்றார் துறையில் நின்ற ஒருவர்.

நாங்கள் மூவரும் வாவியின் ஓரத்தில் மூட்டைகளோடு நின்றுகொண்டிருந்தோம். பாதை எப்படி வரும் என்று எனக்குப் புரியவில்லை. நாங்கள் வந்த மலையில் பாதை கிடந்த இடத்திலேயே கிடக்கும். நாம்தான் அதன்மேல் போகவேண்டும். அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கும் புரியவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் நாங்கள் யாரென்று தெரிந்துவிடும் என்பதுபோலப் பேசாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அக்கரையிலிருந்து பலகை அடித்த பெரிய மிதவை ஒன்று, சைக்கிள்களையும் ஒரு மாட்டு வண்டியையும் ஏற்றிக்கொண்டு மெல்ல வந்து தட்டியது. அதைத்தான் அங்கே பாதை என்பார்கள். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். அம்மா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

மலையில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கலவரத்தில் தீ வைத்திருந்தார்கள். அப்பா அதற்கு முந்திய வருடமே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா எங்கள் இருவரையும் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாகக் கொஞ்ச காலம். அங்கேதான் யாரோ சொன்னார்கள்: மட்டக்களப்பில் எங்கும் தமிழர்தான், வயல் வேலை நிறைய இருக்கிறது, அங்கே நம்மை அடிக்க யாரும் வரமாட்டார்கள். தமிழர்களுக்கு நடுவிலும் நாம் வேறாட்களாக இருப்போம் என்று அம்மா நினைத்தே பார்த்திருக்கவில்லை.

வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் நிலம் எழுவான்கரை. மேற்கே, வயலும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. நாங்கள் போய்ச் சேர்ந்தது படுவான்கரையில், வவுணதீவிலிருந்து இன்னும் உள்ளே, ஒரு போடியாரின் வட்டை ஓரத்தில். நிறைய வயல் வைத்திருப்பவர் போடியார். வயல்வெளிக்கு வட்டை என்று பெயர். காவலுக்கும் வெட்டுக்கும் ஆள் வேண்டியிருந்ததால் வட்டை ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொள்ள அவர் இடம் கொடுத்தார். அம்மா வாழ்நாளில் நெல் வெட்டியதில்லை. கொழுந்து பறித்த விரல்கள் வேகமானவை, ஆனால் அரிவாள் பிடிக்க வேறு கை வேண்டும். முதல் போகத்தில் இடது கை முழுவதும் கீறலோடு வந்து நின்றாள்.

அடுத்த வளவில் ஒரு பெண் தனியாக இருந்தார். கணவர் இறந்துவிட்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. நாங்கள் வந்த மறுநாள் ஒரு சட்டியில் வாவி மீன் கறி கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசலில் குந்தியபடி அம்மாவிடம் கேட்டார்.

"ஏங்கா, நீங்க என்ன குடி?"

அம்மா விழித்தாள். "குடியா? நாங்க யாரும் குடிக்கிறதில்லீங்க" என்றாள்.

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் முந்தானை நழுவியது. அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு குடி உண்டு. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. கோயிலில் எந்தக் குடிக்கு எந்த உரிமை, எந்தக் குடிக்குள் கலியாணம் கூடாது என்பதெல்லாம் அதை வைத்துத்தான். அதை அவர் விளக்கியபோது அம்மா யோசித்துவிட்டு, "எங்களுக்கு அப்படி ஒன்னும் இல்லீங்களே. நாங்க எல்லாம் ஒரே லயத்து ஆளுங்க" என்றாள்.

"சரி, கிடக்கட்டும். புள்ளையள் என்ன மாமி எண்டு கூப்பிடட்டும்" என்றார் அவர். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு மாமி.

மாமி சொன்னது போல ஊர் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாத்தியார் என்னை எழுப்பி எண்ணச் சொன்னார். "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று தொடங்கினேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவர்களுக்கு ஒண்டு, ரெண்டு, மூண்டு. இடைவேளையில் ஒருத்தி என்னைச் சுற்றிவந்து "தோட்டக்காட்டான் புள்ள" என்று பாடினாள். அதற்குப் பிறகு நீண்ட காலம் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அண்ணன் வேறு மாதிரி. அவன் திறந்த வாயை மூடாமலே அந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டான். ஒரு மாரி முடிவதற்குள் "வாறன்", "ஓம்", "இஞ்ச வா மச்சான்" எல்லாம் அவன் நாக்கில் புரள ஆரம்பித்தன. வாவியில் தோணி தள்ளவும், வலை போட்டு இறால் வாரவும், வெள்ளாமைக்குக் கிளி விரட்டவும் அந்தப் பொடியன்களோடுதான் திரிந்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவன் எந்த மலையிலிருந்தும் வந்தவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அம்மா மட்டும் ஒரு சட்டம் வைத்திருந்தாள். வாசலுக்கு வெளியே என்ன பேச்சும் பேசலாம். வாசலுக்குள் நம்ம பேச்சு. அண்ணன் மறந்துபோய் "அம்மா, பசிக்கிது, சோறு தா, சுறுக்கா" என்றால் சோறு வராது. "என்னா சொன்ன?" என்று கேட்டுக்கொண்டு அகப்பையோடு நிற்பாள். அவன் திருத்திச் சொன்ன பிறகுதான் தட்டில் விழும்.

ஒருநாள் சாயந்திரம் அவன் பொறுமை இழந்தான். அப்போது அவனுக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது.

"ஓம் எண்டு சொன்னா உனக்கு என்னம்மா குறையும்?"

"ஒன்னும் கொறையாது."

"அப்ப ஏன் இந்தக் கூத்து? அங்க நமக்கு என்ன கிடக்கு? எரிச்சாங்க, ஓடி வந்தம். இனிப் போகப் போறமா?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "போகப்போறதில்ல. எனக்குத் தெரியும். ஆனா இந்த ஊருல நான் பேசுற மாதிரி பேச வேற யாரு இருக்கா? நீங்க ரெண்டு பேரும் விட்டுட்டா நான் யாருகிட்டடா பேசுவேன்?"

அன்று இரவுச் சோற்றுக்கு அவன் "கொழம்பு போதுங்கம்மா" என்று தெளிவாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் மறுநாள் மறந்துவிட்டான்.

அந்த மலையின் மேல் அம்மாவுக்கு என்ன அப்படி ஆசை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அட்டை கடித்துக் காலெல்லாம் புண். மழைக்குப் போர்த்த ஒரு சாக்கு. புகை நிறைந்த ஓர் அறை. அதை அவளும் மறைத்ததில்லை. மாமி வீட்டில் தேயிலைத் தூள் வாங்கினால் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பாள். "இது கூட்டி அள்ளுனது. பறிச்ச எங்களுக்கும் இதுதான் குடுத்தாங்க" என்பாள். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் வேப்பமரத்தடியில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி மாரியம்மா என்று கும்பிடுவாள். அப்போது தோட்டத்துப் பாட்டு ஒன்றை மெதுவாக இழுப்பாள். பக்கத்து ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் குளுத்தித் திருவிழாவுக்கு மாமி கூப்பிட்டால் போவாள். பின்வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வருவாள். "ரெண்டும் அம்மாதானேகா" என்று மாமி சொல்வார். "அம்மா ரெண்டு பேரும்தாங்க. ஆனா எங்க வீட்டு அம்மா கல்லுல இருக்கா" என்பாள் அம்மா.

ஏறாவூரிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி சைக்கிளில் துணி கொண்டுவருவார். சாரன், சேலை, பிள்ளைகளுக்குச் சட்டை. அம்மாவைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், நாங்கள் அவரை நானா என்போம். அவர் பதுளைப் பக்கமும் வியாபாரத்துக்குப் போய்வருகிறவர். அதனால் அவர் வந்தால் அம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மலை எப்படி இருக்கிறது, மழை பெய்ததா என்று கேட்பாள். வாங்குவதற்கு எப்போதும் ஒன்றும் இருக்காது. ஒருநாள், "நீங்க குடுத்து வச்சவங்க, காலங்காலமா ஒரே ஊரு" என்றாள் அம்மா. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"எங்கட உம்மாட உம்மாவும் இஞ்சதான் பொறந்து இஞ்சதான் மவுத்து தங்கச்சி. எண்டாலும் நீ ஆரு எண்டு கேக்கிற ஆக்கள் இரிக்காங்க. நீங்க இப்ப வந்தீங்க, அதால உங்களுக்கு நோகுது. எங்களுக்குக் கேட்டுக் கேட்டு மரத்துப் போச்சி."

அந்த ஊரில் அண்ணனுக்கு ஓர் இடம் கிடைத்தது கூத்தால்தான். வடமோடிக் கூத்துப் பழக்கத் தொடங்கியபோது அவனும் போய் நின்றான். குரல் நன்றாக இருந்ததால் கட்டியகாரன் வேடம் கொடுத்தார்கள். ராசா வருகிறார் என்று முதலில் வந்து அறிவிக்கிறவன் அவன்தான். அரங்கேற்றத்துக்குப் பிறகு கூத்தர்கள் வீடு வீடாகப் போய் முற்றத்தில் ஆடுவது அங்கே வழக்கம். அவர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். மத்தளமும் சல்லரியுமாக, பின்னால் ஊர்ச் சனமுமாக. அத்தனை வருடத்தில் ஊர் எங்கள் முற்றத்துக்கு வந்தது அன்றுதான் முதல்முறை. அம்மா பதறிப்போய்க் கூட்டிய முற்றத்தையே திரும்பக் கூட்டினாள். அண்ணன் கால் சலங்கையோடு சுழன்றாடி வந்து, நெஞ்சை நிமிர்த்திப் பாடினான். மாமி குரவை போட்டார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் போன பிறகு, "அவங்க அப்பன் கொரலு. அப்படியே இருக்கு" என்றாள். கொஞ்சம் கழித்து, "பாட்டுதான் வேற" என்றாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷமா துக்கமா என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அந்தக் காலம் அத்தோடு முடிந்தது. வாவிப் பாலத்தில் சோதனைச் சாவடி வந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களைவிடப் பெரிய பொடியன்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். சிலர் இயக்கத்துக்குப் போனார்கள் என்றார்கள், சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றார்கள். ஒரு காலையில் ராணுவம் ஊரை வளைத்தது. ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் உட்காரவைத்தார்கள். ஜீப்பில் முகமூடி போட்ட ஒருவன் இருந்தான். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்தார்கள். அவன் தலையை ஆட்டினால் லொறிப் பக்கம், ஆட்டாவிட்டால் வீட்டுப் பக்கம். அண்ணனைக் கண்டதும் தலை ஆடியது.

அம்மா வேலியைத் தாண்டி ஓடினாள். ஒரு சிப்பாய் துவக்கைக் குறுக்கே நீட்டினான். அவள் சிங்களத்தில் பேச ஆரம்பித்தாள். தோட்டத்துக்குக் கீழே இருந்த கிராமத்தில் பலாக்காயும் கீரையும் வாங்கப் போய்ப் பழகிய சிங்களம். நாங்கள் தோட்டத்து ஆட்கள், இவன் அங்கே பிறந்தவன், இவனுக்கு இந்த ஊர்க்காரர்களோடு ஒரு சம்பந்தமும் இல்லை, தொரைமாரே, என்று காலில் விழுந்தாள். அதிகாரி வந்தான். அவனுக்கும் ஊர் மலைப்பக்கம் போல. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்தக் கடை என்று கேட்டான். அம்மா எல்லாம் சொன்னாள். அண்ணனின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கூட்டிக்கொண்டு போ என்று கையைக் காட்டினான்.

அன்று பிடித்த மற்றப் பொடியன்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாளிலிருந்து தண்ணீர் அள்ளப் போன இடத்தில் பேச்சு நின்றது. அண்ணனோடு கூத்தாடிய ஒருவனின் தாய் எங்கள் வாசலுக்கே வந்து கேட்டார். "உங்கட மகன மட்டும் ஏன் விட்டவங்க? இந்த ஊரோட ஒரு சம்பந்தமும் இல்ல எண்டு சொன்னீங்களாமே. எங்கட சோத்தத் தின்னக்குள்ள சம்பந்தம் இருந்ததுதானே?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வேலிக்கு அப்பாலிருந்து மாமி சத்தம் போட்டார். "புள்ளையக் கொல்லக் கொண்டு போகக்குள்ள தாய் என்ன சொல்லுவாள்? உனக்குச் சிங்களம் தெரிஞ்சிருந்தா நீயும் சொல்லியிருப்பாய்தானே! அவள்ட நாக்கில சிங்களம் இருந்தா அது அவள்ட குத்தமா?"

அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரை எழுப்பி உட்காரவைத்து அம்மாதான் தண்ணீர் கொடுத்தாள். அவர் அதைக் குடித்தார். ஆனால் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

அண்ணன் வெளியே போவதை நிறுத்திவிட்டான். ராணுவத்துக்குக் காட்டிக்கொடுக்கிற வீடு என்று ஒரு பேச்சு, இயக்கம் அவனைக் கேட்கிறது என்று ஒரு பேச்சு. எது உண்மை என்று எங்களுக்குத் தெரியாது, எதுவாக இருந்தாலும் பயம் ஒன்றுதான். அம்மா முடிவெடுத்தாள். மலையில் எங்கள் தாய்மாமன் இருந்தார். எரிந்த லயங்களைத் திரும்பக் கட்டி அங்கே பலர் குடியிருந்தார்கள். அண்ணனை அவரிடம் அனுப்புவது என்று ஆயிற்று. வியாபாரி நானா பதுளைக்குப் போகும் நாளில் கூடவே போக ஏற்பாடு செய்தோம்.

"அங்க போனா நம்ம பேச்சு பேசு" என்றாள் அம்மா. "நீ பொறந்த எடம். அங்க உன்ன யாரும் யாருன்னு கேக்கமாட்டாங்க."

"சரிங்கம்மா" என்றான். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, அம்மாவுக்காகவே, "போயிட்டு வாரேன்" என்றான். அந்த ஊரில் அதைப் "போயித்து வாறன்" என்பார்கள். அவனும் அப்படித்தான் சொல்லிப் பழகியிருந்தான். அம்மாவின் முகம் அன்று எவ்வளவு நிம்மதியாக இருந்தது.

சில மாதங்கள் நல்லபடியாகப் போயின. தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, இளைத்திருக்கிறான், குளிர் தாங்கவில்லையாம் என்று நானா வந்து சொல்வார். பிறகு ஒருநாள் சைக்கிளில் துணி இல்லாமல் வந்தார். வந்ததும் வராததுமாக மாமியைக் கூப்பிட்டு அம்மா பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"தங்கச்சி, மகனப் புடிச்சிட்டாங்க."

நாங்கள் புறப்பட்டோம். அம்மா, நான், மாமி. மாமி பஸ்ஸில் அவ்வளவு தூரம் போனதேயில்லை. "நீ தனியப் போகேலாது" என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் எத்தனையோ இடத்தில் இறக்கினார்கள், ஏற்றினார்கள். அம்மா சிங்களத்தில் பேசினாள். மாமி வாயே திறக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவைத்திருந்தோம். மலை ஏற ஏற மாமி குளிரில் நடுங்கினார். அம்மா சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். தேயிலை தெரியத் தொடங்கியதும் அவள் மூச்சு மாறியதை நான் கவனித்தேன்.

மாமன் கதவைத் திறந்து எங்களைக் கண்டதும் உடனே உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். "அக்கா, மெதுவா பேசுங்க. மட்டக்களப்புன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க. இங்க எல்லாரையும் புலின்னுதான் பாக்குறாங்க" என்றார். மாமியை அவர் பார்த்த பார்வையில் பயம்தான் இருந்தது. நான் மாமன் பிள்ளைகளிடம் ஏதோ கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "இந்த அக்கா யாழ்ப்பாணமா?" என்று சின்னது கேட்டது. அதன் வாயை மாமன் வீட்டுக்காரி, என் அத்தை, கையால் பொத்தினாள்.

நடந்ததை மாமன் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூட வேலை செய்யும் பையன்களோடு டவுனுக்குப் போயிருக்கிறான். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் எதையோ வாங்க எழுந்து, கூட இருந்தவனிடம் திரும்பி, "போயித்து வாறன் மச்சான்" என்றிருக்கிறான்.

"அவ்வளவுதான் அக்கா. அத பக்கத்து மேசையில யாரோ கேட்டுட்டாங்க. கடைய விட்டு எறங்குறதுக்குள்ள பொலிஸ் வந்துருச்சி. அட்டையில பொறந்த எடம் இங்க, வெலாசம் அங்க. நாங்க என்னத்த சொல்ல?"

"பொறந்தவன்னு சொல்ல வேண்டியதுதானே? நீ போய் சொன்னியாடா?" என்றாள் அம்மா.

மாமன் போகவில்லை. போனவர்களையும் பிடித்து வைத்துக்கொண்ட காலம் அது. அவர் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. அன்றைக்கு இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். இன்னொரு முகாமுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, கொழும்புக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். பெயரைச் சொல்லி எங்கே என்று கேட்டால், தெரியாது என்றார்கள். படுவான்கரையில் அவனைக் காப்பாற்றிய அதே சிங்களத்தைத்தான் அம்மா அங்கேயும் பேசினாள். தோட்டத்து ஆட்கள் ஐயா, இங்கேதான் பிறந்தான் ஐயா. மேசைக்குப் பின்னால் இருந்தவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அப்படியென்றால் ஏன் மட்டக்களப்பில் இருக்கிறீர்கள்?" என்றான். எங்கள் வீட்டை எரித்தார்கள் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

ஒரு மத்தியானம் அம்மா எங்கள் பழைய லயத்தைப் பார்க்கப் போனாள். நானும் மாமியும் கூடப் போனோம். எங்கள் அறையில் வேறு யாரோ இருந்தார்கள். கதவருகே நின்ற பெண், "யாருங்க வேணும்?" என்றாள். அம்மா ஒன்றும் இல்லை என்றாள். மாமி அந்த இருட்டறையையும் வடிகாலையும் பார்த்துவிட்டுத் தாங்கமாட்டாமல், "இதுக்கா புள்ள உன்ட அம்மா இவ்வளவு காலம் அழுதவள்?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். அது அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அவள் கோபிக்கவில்லை. "இதுக்குத்தாங்க" என்றாள். பிறகு வேகமாகக் கீழே இறங்கி நடந்தாள். நாங்கள் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது.

மாமன் இன்னும் கொஞ்ச நாள் இருங்கள் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். அம்மா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. நான்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அம்மா பல வருடம் இருந்தாள். கொழும்பில் விடுவித்த ஆட்கள் இருக்கிறார்கள், பூசா தடுப்பு முகாமில் இருக்கிறார்கள், எங்கோ தெற்கே இருக்கிறார்கள் என்று யார் சொன்னாலும் போனாள். முதல் சில தடவை நானாதான் வழி விசாரித்துச் சொன்னார். பிறகு தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட வருடம் வந்தது. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் முஸ்லிம்களைக் கொன்றதைக் கேள்விப்பட்ட அன்று அம்மா சாப்பிடவில்லை. நானா அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை. இருக்கிறாரா என்று கேட்கவும் எங்களுக்கு வழியில்லை. அந்த ஊருக்குப் போகும் பாதை எங்களுக்கு அடைபட்டிருந்தது, எங்கள் ஊருக்கு வரும் பாதை அவர்களுக்கு.

வீட்டுக்குள் பேச்சுச் சட்டத்தை அம்மா விட்டுவிட்டாள். எப்போது விட்டாள் என்று சொல்லத் தெரியவில்லை. நான் "ஓம்" என்றாலும் சோறு விழுந்தது. ஒரு தடவை நானாக "சரிங்கம்மா" என்று சொன்னபோது, "எதுக்குடி இப்ப அது?" என்றாள். அவளுடைய பேச்சு மட்டும் மாறவில்லை. மாமியோடு மணிக்கணக்காக இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி "வந்துட்டாங்க" என்பாள், மற்றவர் "வந்துத்தாங்க" என்பார். ஒருவருக்கொருவர் எதுவும் விளங்காமல் போனதில்லை.

எனக்குக் கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் குடியைக் கேட்டார்கள். மாமி, "என்ட குடிதான்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும். என் கணவர் நல்ல மனிதர். அவருடைய தாயும் அதைத் துருவிக் கேட்கவில்லை. அந்தப் பொய்யின் மேல்தான் என் வாழ்க்கை நின்றது. கலியாணத்தன்று காலையில் அம்மா என் தலையில் பூ வைக்கும்போது, மெதுவாக, "அவங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க. ஆனா நீ என் வயித்துல பொறந்தவ" என்றாள்.

அம்மா போனது சண்டை நடந்துகொண்டிருந்த ஒரு மாரியில். வெள்ளம் வீதியை மூடியிருந்தது. மாமனுக்குச் சொல்லி அனுப்பவும் முடியவில்லை. அவள் பக்கத்து உறவென்று சொல்ல நான் மட்டும்தான் இருந்தேன். ஆனால் ஊர்ப் பெண்கள் வந்தார்கள். அன்று மகனை இழந்த அந்தத் தாயும், தலை முழுவதும் நரைத்து, முழங்கால்வரை சேற்றோடு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார்.

மாமி ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். அங்கே ஒப்பாரியில் செத்தவரின் ஊரையும் பிறந்த வளவையும் குடியையும் சொல்லித்தான் அழுவார்கள். மாமி இரண்டடி பாடிவிட்டு நிறுத்தினார். என் காதருகில் குனிந்தார்.

"புள்ள, உன்ட அம்மாட தோட்டத்துப் பேர் என்ன? அத எனக்குச் சொல்லு. பேர் இல்லாம எப்பிடி அழுகிற?"

சொன்னேன். வெள்ளைக்காரன் வைத்த பெயர். மாமியின் வாயில் அது நுழையவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெயரைத் தன் பாட்டின் சந்தத்துக்கு ஏற்றபடி நீட்டி, வளைத்து, மட்டக்களப்பு ஊர் ஒன்றின் பெயரைப் போல ஆக்கிப் பாடினார். மலையில் பிறந்த மகளே, தேயிலைக் காட்டுக் கிளியே, உன்னை இந்தத் தண்ணீர்க் கரைக்குக் கொண்டுவந்து போட்டது யாரடி என்று. சுற்றியிருந்த பெண்களும் அந்தப் பெயரைச் சேர்ந்து சொன்னார்கள். யாருக்கும் அது சரியாக வரவில்லை. நான் அன்றுதான் வாய்விட்டு அழுதேன். அதுவரைக்கும் அண்ணனுக்காகக்கூட அப்படி அழுததில்லை.

முப்பத்தோராம் நாள் படையலுக்கு மாமி சமைத்தார். அம்மாவுக்குப் பிடித்த ரொட்டியும் இடித்த சம்பலும், ஊர் வழக்கப்படி சோறும் கறிகளும். இலையை விரிக்கும்போது கை நின்றது.

"உன்ட அண்ணனுக்கும் சேத்து ஒரு இலை போடட்டா புள்ள? எவ்வளவு காலமாப் போச்சி."

அம்மா இருந்தவரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவே விட்டதில்லை. அவன் வருவான் என்று அவள் நம்பினாளா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் படைக்க விட்டதில்லை.

"வேணாம் மாமி" என்றேன்.

"ஓம், வேணாம்" என்றார். ஒரு இலையை விரித்து, நீர் தெளித்துத் துடைத்து, அம்மாவுக்குப் பரிமாறத் தொடங்கினார்.